கல் இல்லாத இடத்தில் இறங்குவது

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏழு கல் தூரம். அந்த ஏழு கல்லையும் யாருக்காக நட்டார்கள் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நூல் கொண்டுபோகிற சைக்கிள்காரர்களைக் கேட்டால் மட்டும் ஒரே பதில்தான் வரும்: எங்களுக்காகத்தான்.

அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. அது யுத்த வருசம். பெட்ரோல் கிடைக்காமல் லாரிகள் கொட்டகையில் படுத்துவிட்டன. ஓடின ஒன்றிரண்டு பஸ்ஸும் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகைந்து புகைந்து ஓடின. ராஜபாளையத்து நூல் வில்லிபுத்தூர் நெசவுத் தெருவுக்குச் சைக்கிளில்தான் போயிற்று. பின் கேரியரில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சாக்குக் கட்டு. ஓட்டுகிறவன் பிடரி உயரத்துக்கு நிற்கும். அந்த உயரத்துக்குக் காலைத் தூக்கிப் போட்டு ஏற எந்த மனுசனாலும் ஆகாது. முன்பக்கமாகக் காலை விடலாம் என்றால், பிடித்த கை கொஞ்சம் தளர்ந்தாலும் முன்சக்கரம் ஆகாசத்தைப் பார்க்கும். அதனால் மைல் கல்லில் வண்டியைச் சாய்ப்பார்கள். கல்மேல் ஏறி நின்று, பாருக்கு மேலே காலை நுழைத்து, ஒரு உந்து உந்துவார்கள். அப்புறம் அடுத்த கல்லில்தான் கால் ஊன்றல். அங்கே சாய்ந்து நின்று மூச்சு வாங்கி, வெற்றிலை போட்டு, மறுபடி ஒரு உந்து. இரண்டு கல்லுக்கு நடுவில் மாடு குறுக்கே வந்தாலும் மழை வந்தாலும் வயிற்றைப் புரட்டினாலும் மிதிக்கத்தான் வேண்டும். நடுவில் உள்ள பூமி அவர்களுடையது இல்லை.

மாரிசாமி யுத்தத்துக்கு முன்னாலிருந்தே பதினோரு வருசமாக இப்படி ஓட்டினவன். தம்பி சின்னக்கருப்பனுக்கும் அவன்தான் பழக்கிக் கொடுத்தான். கேரியரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே ஓடினான், சொல்லாமல் கையை விட்டான், தம்பி தானாகப் போவதைப் பார்த்துச் சிரித்தான். ஏறக் கல் இருக்கிறது, இறங்கக் கல் இருக்கிறது, வேறு என்ன வேண்டும் என்றான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அவ்வளவையும் கொடுத்தான்.

ஆனி மாசம் ஒரு உச்சிப்பொழுதில் மாரிசாமி முதலில் வந்து, வில்லிபுத்தூரிலிருந்து எண்ணினால் வருகிற ஒண்ணாங் கல்லில் கால் ஊன்றித் தம்பிக்காகக் காத்து நின்றான். ரெண்டாங் கல்லுக்கும் ஒண்ணாங் கல்லுக்கும் நடுவில் ரோடு ஒரு வளைவு வளையும். புளியமரங்களுக்கு மேலே மடவார் வளாகத்துக் கோபுரம் தலை காட்டுகிற இடம் அது. வில்லிபுத்தூர்ப் பக்கமிருந்து மூன்று வைக்கோல் வண்டிகள் மாரிசாமியைக் கடந்து வளைவுக்குள் போயின. அவற்றை முந்திக்கொண்டு கரி பஸ்ஸும் போயிற்று. வளைவுக்கு அந்தப் பக்கம் மணிச் சத்தம் கேட்டது. விடாமல் கேட்டது. தம்பி சைக்கிள் மணிக்கு உள்ளே ஒரு பல் தேய்ந்திருக்கும். 'கிர்ர்' என்று இழுத்து, ஒரு நொடி நின்று, 'டிங்' என்னும். அது கேட்டுக்கொண்டே இருந்து, 'கிர்ர்' என்று இழுத்த இழுப்போடு நின்றுவிட்டது. 'டிங்' வரவில்லை.

ஓரமாக ஒரு காலை ஊன்றி நின்றிருந்தால் பஸ் ஒரு முழம் தள்ளிப் போயிருக்கும் என்று வைக்கோல் வண்டிக்காரர்கள் பிறகு சொன்னார்கள். நிற்கத்தான் அவனுக்குத் தெரியாதே.

புரட்டாசி பிறந்ததும் உத்தரவு வந்தது. பாரம் ஏற்றிப் பெரிய ரோட்டில் சைக்கிள் விடுகிற ஒவ்வொருவனும் லைசென்ஸ் எடுக்க வேண்டும். கட்டு வைத்த வண்டியை ஓவர்சியர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அவர் கையைத் தூக்கிய இடத்தில் நிறுத்தி இறங்க வேண்டும். இறங்கினவனுக்கு லைசென்சுக்கு அடையாளமாகப் பித்தளை வில்லை. நூல்கடை முதலாளி ராஜா தம் தெலுங்கு கலந்த பேச்சில் அதைக் கட்டுப் போடும்போதே சொல்லிவிட்டார்.

"ஏமி மாரிசாமி, கேட்டியா? ஐப்பசி ஒண்ணாந் தேதிக்கு மேல வில்லை இல்லாத வண்டிக்கு நான் நூல் குடுக்க முடியாது. எனக்கு உன்மேல கோவம் லேது. உத்தரவு அப்படி."

நாலாங் கல்லில் அன்று யாரும் வெற்றிலை போடவில்லை. பேச்சுத்தான் நடந்தது. மொக்கைச்சாமி என்று ஒருத்தன், ஆள் குட்டை, வாய் நீளம்.

"மாட்டுக்கு லைசென்சு உண்டா? கழுதைக்கு உண்டா? அதுகளும் இதே ரோட்டுலதான போகுது."

"கழுதைக்குக் கேட்டாக் குடுத்துருவான் மாமா. ஒமக்குத்தான் யோசிப்பான்" என்றான் முத்துராமலிங்கம்.

"ஏலே, சிரிக்காத. இன்னைக்குச் சைக்கிளுக்கு, நாளைக்கு நடக்குறவனுக்கும் கேப்பான். எடது கால எங்க வச்ச, வலது கால எங்க வச்சன்னு. கொன்னது பஸ்ஸு, லைசென்சு நமக்கா?"

எல்லாரும் மாரிசாமியைப் பார்த்தார்கள். அவன் கல்லின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். கால் பட்டுப் பட்டு அது உரல் குழவி மாதிரி வழவழவென்று இருந்தது.

"கை தூக்குன எடத்துல எறங்கணுமாமே" என்றான் மெதுவாக. "அங்க கல்லு இருக்குமா?"

ஒவ்வொருவராகக் கல்மேல் ஏறி உந்திக் கிளம்பினார்கள்.

வீட்டில் அவன் பெண்டாட்டி கருத்தம்மாள் கேப்பைக் களியைக் கிண்டி இறக்கி, காணப்பயறுத் துவையலை அதன் தலையில் வைத்துக் கொடுத்தாள். தம்பி பெண்டாட்டி பாலம்மாளும் அந்த வீட்டிலேதான் இருந்தாள். புருசனுக்கு மூத்தவனிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அவர்களுக்குள் கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று கருத்தம்மாளிடம் சொல்வாள். அவனும் கருத்தம்மாளிடம் பதில் சொல்வான். சின்னக்கருப்பன் போன பிறகு அந்தப் பேச்சும் நின்றிருந்தது.

"லைசென்சுன்னு ஒண்ணு கொண்டாந்திருக்கான்" என்றான் மாரிசாமி. "எங்க வயித்துல அடிக்கத்தான்."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அக்கா, லைசென்சு வேணும்னு சொல்லுங்க."

கருத்தம்மாள் கரண்டியைப் பானையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். "என்னட்டி சொல்லுத?"

"எறங்கத் தெரியாதவன ரோட்டுல விடக் கூடாதுன்னு அன்னைக்கு ஒருத்தர் கைய நீட்டித் தடுத்திருந்தா அவிய இன்னைக்கு வீட்டுல இருப்பாக. எம்புட்டுத் திட்டியிருப்பாகளோ, திட்டிக்கிட்டே இருந்திருப்பாக."

அவள் யாரையும் குறை சொல்லவில்லை. குரலில் கோபமும் இல்லை. மாரிசாமி பிட்டு வைத்திருந்த களி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டான். இறங்கப் பழக்காதது யார் என்பது அந்த வீட்டுச் சுவருக்கும் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அது முதல் தடவை வந்தது.

புரட்டாசியில் பொன் உருகக் காயும் என்பார்கள். அன்று அப்படித்தான் காய்ந்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட, மாரிசாமி ரெண்டாங் கல்லிலிருந்து தனியாக உந்திக் கிளம்பினான். மேற்கே மலை வெயிலில் வெளிறிக் கிடந்தது. ஒரு புளிய இலை அசையவில்லை. காதுக்குள் இரைந்துகொண்டிருந்த சில்வண்டுகள், விளக்கை ஊதி அணைத்த மாதிரி, எல்லாம் ஒரே நொடியில் அடங்கின.

அப்போது பின்னால் கட்டின்மேல் யாரோ கை வைத்தார்கள்.

தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. சும்மா வைத்த கை. கட்டு ஆடுவது நின்று, வண்டி கயிறு பிடித்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று. பதினோரு வருசத்தில் ஒரு நாளும் அது அப்படி நேராகப் போனதில்லை. திரும்பிப் பார்க்கலாம் என்றால் பிடரிவரை கட்டு மறைக்கிறது. நின்று பார்க்கலாம் என்றால் கல் இன்னும் அரை மைல் இருக்கிறது.

பின்னால் மணி அடித்தது. கிர்ர். பிறகு, டிங்.

"யாரு" என்றான் மாரிசாமி.

கிர்ர். டிங். அவன் பெடல் கிறீச்சிட்டபோது இன்னொரு பெடலும் கிறீச்சிட்டது. அவன் மூச்சு வாங்கினபோது பின்னாலும் மூச்சு வாங்கியது. மெதுவாக மிதித்தால் அதுவும் மெதுவாக வந்தது, வேகமாக மிதித்தால் அதுவும் வேகமாக வந்தது. வளைவு வந்தது. அந்த இடம் வந்தது. மணி இப்போது இடைவெளி இல்லாமல் அடித்தது. பயந்தவன் அடிக்கிற அடி அது. மாரிசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு மிதித்தான். மூடின கண்ணோடு எத்தனை தூரம் போனான் என்று அவனுக்குத் தெரியாது.

கல் வந்தது. காலை ஊன்றி வண்டியைச் சாய்த்தான். பின்னால் வந்தது சாயவில்லை. அவன் வலது தோளை ஒட்டி, எண்ணெயும் வேர்வையும் நூல் கஞ்சியும் கலந்த வாடையோடு ஒரு காற்று கடந்து போயிற்று. மணிச் சத்தம் வில்லிபுத்தூர்ப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. சில்வண்டு மறுபடி இரைய ஆரம்பித்தது.

ரோட்டில் ஆள் இல்லை. மரத்தடியில் ஆடு மேய்க்கிற மாரியாத்தாள் என்கிறவள் மட்டும் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றாள். வன்னியம்பட்டிப் பக்கத்திலிருந்து மேய்ச்சலுக்கு வந்தவள், இந்த ரோட்டுக்குப் புதுசு.

"கூட வந்தவரு எறங்கலையா அண்ணாச்சி?" என்றாள்.

"யாரு?"

"ஒம்மள மாதிரியே கட்டு வச்சுக்கிட்டு வந்தாரே. நேராப் போறாரே. மொகமெல்லாம் வேர்த்துப் போயி, பாவம், எறங்க எடம் தேடுத மாதிரி ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே போறாரு."

மாரிசாமி கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

அடுத்தடுத்து நான்கு நாள் அது வந்தது. பாரம் இல்லாமல் சாயங்காலம் திரும்பும்போது வராது. கட்டு வைத்து உச்சியில் போகும்போதுதான். ஐந்தாம் நாள் அவன் நடந்ததை எல்லாம் கருத்தம்மாளிடம் சொன்னான். அவள் திருநீறு எடுத்து வர எழுந்தாள். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"அக்கா, மணி எப்படி அடிச்சுச்சுன்னு கேளுங்க."

மாரிசாமி கருத்தம்மாளைப் பார்த்துச் சொன்னான். "இழுத்து நின்னு, பொறவு அடிச்சுச்சு."

பின்கட்டில், வெற்றிலையை மடித்த மாதிரி மடங்கின சக்கரத்தோடு தம்பியின் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. மணியை மட்டும் பாலம்மாள் பழைய சீலைத் துணியால் சுற்றி வைத்திருந்தாள்.

"அவிய இன்னும் எறங்கலக்கா" என்றாள். "மூணு மாசமா ஓட்டிக்கிட்டே இருக்காக. காலு என்ன வலி வலிக்குமோ."

பரீட்சை மடவார் வளாகத்துக்குத் தெற்கே ஒரு பொட்டலில் நடந்தது. வெள்ளிக்கிழமை. ஓவர்சியர் எலியேசர் நாசரேத்துப் பக்கத்துக்காரர், ஊருக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. தொப்பி, கண்ணாடி, மடக்கு நாற்காலி. மடியில் ஒரு நோட்டு. உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர் என்று வந்த பத்து நாளில் பெயர் எடுத்திருந்தார்.

கட்டு ஏற்றிவிட ஆள் இருந்தது. ஏறுவதற்கு ஒரு பெட்டி போட்டிருந்தார்கள். இறங்குவதற்கு ஒன்றும் இல்லை. முத்துராமலிங்கம் கை தூக்கின இடத்தைத் தாண்டி வேலிக்குள் போய்ச் சொருகினான். மொக்கைச்சாமி கையைப் பார்த்ததும் வட்டம் அடிக்க ஆரம்பித்தான். ஐந்து வட்டம் அடித்து, "ஐயா, கைய எறக்குங்க, நான் எறங்கிருதேன்" என்று கெஞ்சினான். சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எலியேசர் சிரிக்காமல் எழுதினார்.

மாரிசாமி பெட்டிமேல் ஏறி உந்தினான். பொட்டலில் பாதி போயிருப்பான், சிரிப்புச் சத்தம் தூரமாகிவிட்டது. கட்டின்மேல் அந்தக் கை வந்து உட்கார்ந்தது.

எலியேசர் கையைத் தூக்கினார். மாரிசாமி பிரேக்கைப் பிடித்தான். வண்டி நின்றது. விழவில்லை, சாயவில்லை. தறியில் அடித்த ஆணி மாதிரி நின்றது. அவன் பாருக்கு மேலே காலை எடுத்து, படி இறங்குகிறவன் மாதிரி மண்ணில் இறங்கினான். கையை விட்டும் வண்டி செத்த நேரம் நின்றது. சனங்கள் வாயைப் பிளந்து, பிறகு கை தட்டினார்கள்.

எலியேசர் நோட்டை மூடினார்.

"இது செல்லாது" என்றார்.

"ஐயா?"

"ஆள் வச்சு ஓட்டக் கூடாதுன்னு முதல்லயே சொன்னேன். நான் பாத்துக்கிட்டேதான இருக்கேன். பின்னால இன்னொரு சைக்கிள்ல ஒட்டி வந்தவன் ஒரு கையால உம்ம கட்டைப் பிடிச்சிருந்தான். அவன் பிடிச்சதுல நீரு எறங்கினீரு. அவன் எறங்காமலே அந்தப் பக்கமாப் போயிட்டான். அவன் யாரு? கூப்பிடும். அவனுக்கும் கிடையாது, உமக்கும் கிடையாது."

மொக்கைச்சாமிதான் முன்னால் வந்தான்.

"ஐயா, இவன் ஒத்தைலதான் வந்தான்."

"நீலக் கட்டம் போட்ட துண்டு தலையில கட்டியிருந்தான். மணி அடிச்சுக்கிட்டே வந்தான். மணிகூடச் சரியில்ல, இழுத்து இழுத்து…"

எலியேசர் நிறுத்தினார். எதிரே நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாரிசாமி மண்ணில் உட்கார்ந்திருந்தான். அந்தத் துண்டோடுதான் சின்னக்கருப்பனை எடுத்துப் போனார்கள்.

யாரோ அவர் காதில் குனிந்து விசயத்தைச் சொன்னார்கள். எலியேசர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உதடு எதையோ முணுமுணுத்தது.

"நான் இப்படிப்பட்டதை எல்லாம் நம்புறவன் இல்ல. ஆனா கண்டதைக் காணலன்னு எழுத எனக்குக் கை வராது. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தரம் எல்லாருக்கும் உண்டு. அதுதான் கடைசி." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தனியா வாரும், மாரிசாமி."

அந்த ஒரு வாரமும் மாரிசாமி சாயங்காலம் காய்ந்த கண்மாய்க்குள் போய் இறங்கப் பழகினான். நூலுக்குப் பதில் மண் நிறைத்த சாக்கு. கருத்தம்மாள் சீலையை வரிந்து கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். முழங்காலில் தோல் இல்லை, முழங்கையில் தோல் இல்லை. நிற்பதற்கு முன்னால் இடது பக்கம் சாய வேண்டும், சாய்வதற்கு முன்னால் கால் மண்ணைத் தேட வேண்டும். அந்தக் கால் பதினோரு வருசமாகக் கல்லைத் தேடிப் பழகின கால். மண்ணை நம்ப மாட்டேன் என்றது.

"ஒரு முரட்டு மாட்டைக் கூடப் பழக்கிறலாம்" என்றாள் கருத்தம்மாள் மூச்சு வாங்க. "ஏன் கடைசி நேரத்துல கால இழுத்துக்கிடுதீக?"

"பயமா இருக்குட்டி."

"விழுறதுக்கா?"

"விழுந்துட்டாப் பரவால்ல. விழாம அவன் புடிச்சுருவானோன்னு பயமா இருக்கு. எனக்குப் புடிச்சு விட்டுட்டு அவன் எறங்காமப் போறான் பாரு, அதத்தான் தாங்க முடியல."

கரையில் பாலம்மாள் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. அவள் கருத்தம்மாளைப் பார்க்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே மாரிசாமியிடம் பேசினாள். கல்யாணமாகி வந்த ஆறு வருசத்தில் அதுதான் முதல் பேச்சு.

"பெரியத்தான், அவிய ஒங்க பின்னாலதான வாராக. ஒங்களப் பாத்துத்தான படிச்சாக. நீங்க எறங்காத எடத்துல அவிய எப்படி எறங்குவாக?"

மாரிசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்கு அந்த எடத்துல எறங்குங்க" என்றாள். "எறங்கி, அவிய வண்டியப் புடிங்க. பழக்கையில புடிச்சீகல்ல, அது மாதிரி."

மறுநாள் வியாழக்கிழமை. ரெண்டாங் கல்லில் மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு உச்சி வரும்வரை உட்கார்ந்திருந்தான். நிழல் காலடிக்குள் வந்ததும் கல்மேல் ஏறி உந்தினான்.

சில்வண்டு அடங்கியது. கை வந்தது. மணி வந்தது. இந்தத் தடவை அவன் வேகமாக மிதிக்கவில்லை. "வா" என்றான். "வாலே, பைய வா." பின்னால் மூச்சு இரைத்தது. வளைவின் தலைப்பு தெரிந்தபோது, மரங்களுக்கு அப்பால் கரிப் புகை எழும்புவதைப் பார்த்தான். பஸ் வருகிற நேரம்தான் அது. ஹாரன் ஒரு தடவை கேட்டது. பின்னால் மணி வெறி பிடித்த மாதிரி அடிக்க ஆரம்பித்தது.

மாரிசாமி பிரேக்கைப் பிடித்தான். இடது பக்கம் சாய்ந்தான். கால் கல்லைத் தேடியது, கல் இல்லை. அதற்கும் கீழே போயிற்று, போயிற்று, மண்ணில் பட்டது. பாருக்கு மேலே மறுகாலை உருவிக்கொண்டு வண்டியை அப்படியே விட்டான். மூன்று கட்டு நூலும் புழுதியில் சரிந்தது. அவன் திரும்பினான்.

வெறும் ரோடு. வெயில். ஆனால் மணிச் சத்தம் அவன் மார்புக்கு நேராக வந்துகொண்டிருந்தது. மாரிசாமி ஓர் அடி ஒதுங்கி இரண்டு கையையும் நீட்டினான். வலது கையில் கேரியர் இரும்பு பட்டது. உச்சி வெயிலில் கிடந்த இரும்பு அது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. பாரம் அவன் பக்கம் சாய்ந்தது. தோளைக் கொடுத்து முட்டுக் கொடுத்தான்.

"எறங்குலே. நான் புடிச்சிருக்கேன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"கல்லத் தேடாத. கல்லு இல்ல. கீழ மண்ணு இருக்கு, மண்ணுல வை. விட மாட்டேன்லே, இந்தத் தடவ விட மாட்டேன்."

பஸ் வளைவில் திரும்பியது. ரோட்டோரம் ஒரு மனுசன், காலடியில் வண்டியும் நூலும் சிதறிக் கிடக்க, ஆகாசத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதை டிரைவர் பார்த்தார். ஒரு முழம் தள்ளி பஸ் கடந்து போயிற்று. கரிப் புகை வந்து மூடியது.

புகைக்குள்ளே மணி நின்றது. ஒரு கால் மண்ணில் ஊன்றுகிற சத்தம் கேட்டது. செத்த நேரம் பொறுத்து, இன்னொரு கால்.

புகை கலைந்தபோது மாரிசாமியின் கையில் ஒன்றும் இல்லை. அங்கே ஏறக் கல் இல்லாததால் கட்டுகளைத் தட்டி ஏற்றி, வண்டியைத் தள்ளிக்கொண்டே மிச்ச தூரத்தையும் நடந்தான்.

வெள்ளிக்கிழமை பொட்டலில் போன வாரத்தைப் போல் இரண்டு பங்கு சனம் கூடியிருந்தது. யாரும் சிரிக்க வரவில்லை. பெண்கள் பக்கத்தில் கருத்தம்மாளும் பாலம்மாளும் நின்றார்கள். எலியேசர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் மாரிசாமி பெயரைக் கூப்பிட்டார்.

அவன் உந்திக் கிளம்பினான். கட்டு ஆடியது. வண்டி அங்கேயும் இங்கேயும் வாங்கியது. எலியேசர் அவனைப் பார்க்காமல் அவனுக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியையே பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினார்.

மாரிசாமி நிறுத்தினான். காலை மண்ணில் ஊன்றினான். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம் நின்றான். பிறகு பாரம் அவனை இழுத்துக்கொண்டு சாய்ந்தது. தடாலென்று விழுந்தான். முழங்காலில் ஆறிக்கொண்டிருந்த புண் திறந்து ரத்தம் வழிந்தது. ஒருவரும் கிட்டே போகவில்லை.

எலியேசர் எழுந்து வந்தார். விழுந்து கிடந்த வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். மண்ணில் சக்கரத் தடத்தைக் குனிந்து பார்த்தார். ஒரு தடம்தான் இருந்தது.

"விழுந்துட்டீரே" என்றார்.

"ஆமாய்யா."

"நின்ன பொறவுதான் விழுந்தீரு. நின்னது நீராத்தான் நின்னீரு. விழுந்ததும் நீராத்தான் விழுந்தீரு." நோட்டை விரித்து எழுதினார். "போயி வில்லைய வாங்கிக்கிடும். விழாம எறங்க வீட்டுல பழகும்."

மாரிசாமி நொண்டிக்கொண்டு வந்தான். பாலம்மாள் பெண்களை விலக்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் அவனுக்கு எதிரே வந்து நின்றாள். யார் என்ன நினைப்பார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

"பெரியத்தான், விழும்போது யாரும் புடிக்கலையா?"

"இல்லம்மா."

"கை வைக்கக்கூட இல்லையா?"

"இல்ல. யாரும் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். சரி என்கிற மாதிரி இரண்டு மூன்று தடவை ஆட்டினாள். பிறகு அந்தப் பொட்டல் மண்ணில் உட்கார்ந்து, மூன்று மாசமாக அழாததை எல்லாம் அழுதாள். கருத்தம்மாள் அவள் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

எலியேசர் அடுத்த பெயரை வாய்க்குள் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிறவரை காத்து நின்றார்.